யாருடைய ப்ராஜெக்ட்?

ஆத்தூர் ஜெராக்ஸ் கடையில் பைண்டிங்குக்குக் காத்திருந்த இன்ஜினியரிங் பையனிடம் 'என்ன ப்ராஜெக்ட்டுப்பா?' என்றேன். 'முழுசாத் தெரியாதுங்க சார், சேலத்துல காசு குடுத்து வாங்கினது' என்றான்.

அமெரிக்காவின் வூஸ்டர் பாலிடெக்னிக் 1970இல் ப்ராஜெக்டையே பட்டப்படிப்பின் மையமாக்கியது. ஒன்று துறை சார்ந்தது. இன்னொன்று தொழில்நுட்பமும் சமூகமும் உரசுகிற இடத்தில். இரண்டாவதற்காக மாணவர்கள் கடல் கடந்தும் போகிறார்கள். இமாச்சலத்தின் மண்டி ஐ.ஐ.டி.க்கு வந்து, இங்குள்ள மாணவர்களோடு மலைக்கிராமங்களில் வேலை செய்திருக்கிறார்கள்.

நல்லதுதான். ஆனால் 'பிரச்சினை இது' என்று பெயரிடும் அதிகாரம் யாரிடம்? ஏழெட்டு வாரம் தங்கிப் போகிறவரின் அறிக்கையில் கிராமம் வெறும் தகவலாகச் சுருங்கிவிடலாம்.

நம்மூர் சேகோ ஃபேக்டரியையே எடுத்துக்கொள்வோம். மரவள்ளி மாவு கழுவிய நீர் புளித்து நாறுகிறது. வசிஷ்ட நதியையும் கெடுத்திருக்கிறது. அதிலிருந்தே எரிவாயு எடுக்கலாம், சில ஆலைகள் எடுக்கவும் செய்கின்றன. முதலாளிக்கு இது எரிபொருள் செலவு. பக்கத்துக் காட்டுக்காரருக்குக் கிணற்றுத் தண்ணீர். கிழங்குத் தோல் சீவும் பெண்ணுக்குக் கூலி. மூன்றும் மூன்று ப்ராஜெக்ட்; மூன்றாவதை எந்தத் துறை ஏற்கும்?

பையனுக்கு ஆற்றோரத்து ஊர்தானாம். அட்டையில் தலைப்பைப் பார்த்தேன்: 'முக அடையாளம் வழி வருகைப் பதிவு'.