முகப்பு விளக்கும் எதிரே வருபவரின் கண்களும்

நம் இல்லங்கள் பலவற்றில் பழைய கார் ஒன்று இன்றும் நின்றுகொண்டிருக்கிறது. தகப்பனார் வாங்கியது, விற்க மனமில்லாதது, திருமணம், மருத்துவமனை, ஊர்ப் பயணம் என்று எதற்கும் குடும்பம் முழுவதையும் ஏற்றிச் செல்லக்கூடியது. அம்பாசடர் காரின் உற்பத்தி உத்தரபாராவில் 2014-ஆம் ஆண்டு நின்றுபோயிற்று. மாருதி 800-இன் உற்பத்தியும் அதே ஆண்டில் முடிவுற்றது. எனினும் திருச்சி வீதிகளில் அவற்றைக் காணாத நாளில்லை. அப்படிப்பட்ட ஒரு கார் எங்கள் வீட்டிலும் இருக்கிறது: அத்தா வாங்கிய 1991-ஆம் ஆண்டு அம்பாசடர். அதன் விளக்கில் நான் செய்த ஒரு தவற்றைப் பற்றியே இக்கட்டுரை.

பழைய கார் வைத்திருப்போர் அனைவருக்கும் உள்ள குறை ஒன்றுதான்: இரவில் சாலை தெரிவதில்லை. விராலிமலை வழியாக மதுரை சென்று திரும்பும்போது, புதிய வண்டிகளின் வெள்ளை ஒளிக்கு முன்னால் நம் விளக்கு அகல் விளக்குபோல் மங்கிக் கிடக்கும். நானும் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடையில் கேட்டு ‘நூறு தொண்ணூறு’ பல்பு இரண்டு வாங்கிப் பொருத்தினேன். பிரைட்டுக்கு 100 வாட், டிம்முக்கு 90 வாட். காரில் முன்னர் இருந்தது 60-55 வாட் ஹலோஜன். முதல் இரவே சாலை பட்டப்பகலானது. பெருமையாகவும் இருந்தது.

அந்தப் பெருமை ஒரு மாதம்தான் நீடித்தது. லால்குடிப் பக்கம் உறவினர் வீட்டு வலீமா விருந்தை முடித்துக்கொண்டு, இஷாவுக்குப் பின் திருவானைக்காவல், மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலத்தின்மீது வந்துகொண்டிருந்தோம். திருச்சியையும் ஸ்ரீரங்கத்தையும் இணைக்கும் 1976-ஆம் ஆண்டுப் பாலம் அது. காரில் ஏழு பேர். பின்பெட்டியில் பிரியாணிச் சட்டிகள். எதிரே மொபெட்டில் வந்த பெரியவர் ஒருவர் கையைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினார். மறுகணம் நடைபாதை விளிம்பில் மோதிச் சாய்ந்தார். பின்னால் அவருடைய பேத்தி. அல்லாஹ்வின் அருளால் குழந்தைக்கு முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. ஓடிச் சென்று தூக்கிய என்னிடம் அவர் கோபப்படவில்லை. “பாய், உங்களுக்கு வழி தெரியணும்னு எங்க கண்ணைக் கட்டிட்டீங்களே” என்றார். நான் அப்போது டிம்மில்தான் வந்துகொண்டிருந்தேன் என்பதை அவரிடம் சொல்ல எனக்கு நாவெழவில்லை.

டிம்மில் வந்தும் எப்படிக் கண் கூசியது? மறுநாள் பாலக்கரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் மெக்கானிக் ஒருவரிடம் காரை விட்டபோதுதான் விளங்கிற்று.

ஹெச்-4 எனப்படும் ஹலோஜன் பல்புக்குள் இரண்டு இழைகள் உண்டு. டிம் இழையின் அடியில் சிறு கரண்டிபோன்ற உலோகத் தடுப்பு ஒன்று இருக்கும். அதனால் டிம்மின் ஒளி பிரதிபலிப்பானின் மேற்பாதியில் மட்டும் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. இந்த ஏற்பாடு முழுவதும் இழை நிற்கும் இடத்தைக் கொண்டே அமைக்கப்பட்டது. இழை சிறிது நகர்ந்தாலும், வாட் கூடினாலும், கீழே விழவேண்டிய ஒளியில் ஒரு பகுதி எதிரே வருபவரின் கண்மட்டத்துக்கு ஏறிவிடும். அன்று பின்பெட்டியில் பாரம் வேறு இருந்ததால் காரின் மூக்கு நிமிர்ந்திருந்தது. வயது ஏற ஏற, கூசிய கண் மீண்டும் பார்வைக்குத் திரும்பக் கூடுதல் நேரம் பிடிக்கும் என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

மெக்கானிக் இன்னொன்றையும் காட்டினார். பல்பின் பின்புறச் சொருகி உருகிக் கருகியிருந்தது. நூறு வாட் பல்பு இரண்டுக்கும் 12 வோல்ட் கணக்கில் ஏறத்தாழ 17 ஆம்பியர் வேண்டும். 60 வாட் இரண்டுக்கு 10 ஆம்பியர் போதும். அந்தக் காலத்து ஒயரும் சுவிட்சும் பத்துக்காகப் போடப்பட்டவை. “இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா டேஷ்போர்டுக்குள்ளே தீப் பிடிச்சிருக்கும், ஹஜ்ரத்” என்றார்.

அப்படியானால் மங்கலான விளக்குக்கு என்னதான் வழி? அவர் மீட்டரை எடுத்து, முதலில் இருந்த 60-55 பல்பையே திரும்பப் பொருத்தி அளந்தார். மின்கலத்தின் முனையில் 13.5 வோல்ட், விளக்கின் முனையில் 11.6 வோல்ட். எஞ்சியது முப்பது ஆண்டு ஒயரிலும், தேய்ந்த சுவிட்சிலும், துருப்பிடித்த எர்த்திலும் கரைந்துபோகிறது. இரண்டு வோல்ட்தானே என்று எண்ணலாகாது. பல்பின் வெளிச்சம் வோல்ட்டேஜைவிட மிக வேகமாகக் குறையும் இயல்புடையது. பத்து விழுக்காடு வோல்ட்டேஜ் குறைந்தால் முப்பது விழுக்காடு வெளிச்சம் போய்விடும். எங்கள் காரில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு போயிருந்தது. ஆக, பல்பிடம் இருந்ததாக நான் நினைத்த குற்றம் ஒயரிடம் இருந்தது!

மின்கலத்திலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, ரிலே இரண்டும் பியூஸும் வைத்து, எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்தார். வெள்ளி மங்கிப் பழுப்பேறியிருந்த பிரதிபலிப்பான்களை மாற்றினோம். பல்பு அதே 60-55 வாட்தான். நம்பமாட்டீர்கள், வெளிச்சம் நான் வாங்கிய நூறு வாட்டுக்குச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

இதைவிடக் கூடுதலாக வேண்டுவோருக்கு, அதே 60-55 வாட்டில் மெல்லிய இழையோடு, அதிக ஒளி தரும் தரமான ஹலோஜன் பல்புகள் கிடைக்கின்றன. ஆயுள் மட்டும் குறைவு. நீல வண்ணம் பூசியவற்றைத் தவிர்க்க வேண்டும். பூச்சு ஒளியின் ஒரு பகுதியை விழுங்கிவிடுகிறது, கண்ணுக்குத்தான் வெள்ளையாகத் தோன்றும். பொருத்தும்போது கண்ணாடியை வெறுங்கையால் தொடலாகாது. விரலின் எண்ணெய்ப்பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்ப்போம். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆவது விதி, முன்விளக்கின் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கித் திருப்பப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், அதற்கு வலப்புறமாக அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் கண்ணுள்ள எவருக்கும் கூசலாகாது என்பது அதன் அளவுகோல். மொபெட்டில் அமர்ந்திருந்த அந்தப் பெரியவரின் கண் ஏறத்தாழ அங்கேதான் இருந்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி சேர்க்கப்பட்ட 182-ஏ பிரிவோ, அனுமதிக்கப்படாத வகையில் உதிரி பாகம் பொருத்தி வாகனத்தை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

இது வெறும் ஏட்டுச் சட்டமன்று. கோவையைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ். இராஜசேகரன் சாலைப் பாதுகாப்பு குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2025 அக்டோபரில் பிறந்த ஆணையில், கண்ணைக் கூசச்செய்யும் முன்விளக்குகளும் இடம்பெற்றன; ஒளியின் உச்ச அளவையும் கோணத்தையும் வரையறுக்குமாறு நீதிமன்றம் பணித்தது. நம் தமிழ்நாட்டு மருத்துவர் ஒருவரால் இவ்வளவு தூரம் வந்தது மகிழ்ச்சிக்குரியது.

இளைஞர்கள் உடனே கேட்பது எல்.இ.டி. பற்றித்தான். கம்பெனியே எல்.இ.டி. விளக்கோடு தந்த கார் வேறு. ஹலோஜனுக்கென வார்த்த கூட்டில் எல்.இ.டி. பல்பைச் சொருகுவது வேறு. முன்னதில் கூடும் ஒளியும் ஒன்றுக்கொன்று பொருந்தி வடிவமைக்கப்பட்டவை. பின்னதில் ஒளி பிறக்கும் இடமே மாறிவிடுகிறது. ஜெர்மனியில் 2020-இல் ஒஸ்ராம் நிறுவனத்தின் இத்தகைய பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் சோதித்துப் பட்டியலிட்ட கார்களில் மட்டும்தான். அந்நாட்டு அனுமதியைக் காட்டி ஸ்ரீரங்கத்திலோ திருச்சியிலோ வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பேச முடியாது.

வளைகுடாவில் பணிபுரியும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஊர் வரும்போது அன்போடு முழு விளக்குக் கூட்டையே வாங்கிவருவோர் உண்டு. அங்கே வாகனங்கள் சாலையின் வலப்புறம் ஓடுகின்றன. ஆதலின் அவ்விளக்கின் டிம் வலப்பக்கம் மேலேறி அமையும். அதை இங்கே பொருத்தினால் அந்த ஏற்றம் எதிரே வருபவரின் கண்ணிலேயே போய் விழும். பல்பு இரு நாட்டுக்கும் ஒன்றுதான்; கூடுதான் வேறு. இடப்புறம் ஓடும் நாட்டுக்குரிய கண்ணாடியில், எதிரே நின்று பார்ப்பவரின் வலப்பக்கம் காட்டும் அம்புக்குறி பொறிக்கப்பட்டிருக்கும். அம்புக்குறியே இல்லையென்றால் அது வலப்புறம் ஓடும் நாட்டுக்கானது. ‘ஹெச்-சி-ஆர்’ என்ற எழுத்துகள் ஹலோஜனில் டிம்மும் பிரைட்டும் உண்டு என்பதைக் குறிக்கும்.

விளக்கின் நடுவே காவலர்கள் ஒட்டும் கறுப்பு ஸ்டிக்கரை நாம் எல்லோரும் அறிவோம். நல்ல எண்ணம்தான், ஆயினும் கோணம் தவறிய விளக்கை அந்தப் பொட்டு நேராக்கிவிடாது. கோணத்தை நாமே பார்க்கலாம். சமதரையில், சுவருக்கு 10 மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, விளக்கின் நடுமட்ட உயரத்தைச் சுவரில் கோடிட்டு, அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட வேண்டும். டிம்மின் மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்கவேண்டும். இடப்பக்கம் மட்டும் சற்று ஏறலாம். டயர்க் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்கட்டும்.

எங்கள் மதரஸாவின் பின்சுவரில்தான் நான் அந்தக் கோடுகளைப் போட்டேன். மக்ரிபுக்குப் பின் மாணவர்கள் சூழ்ந்து நிற்க, ஒருவன் திருப்புளியைத் திருக, மற்றவன் “கீழே, இன்னும் கீழே” என்று கத்தினான். பதினைந்து ஆண்டு கழிந்த கார்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும் அல்லவா? சென்றமுறை ஆய்வாளர் விளக்கைப் போடச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் அடுத்த காருக்குப் போய்விட்டார். சுண்ணாம்புக் கோடு இரண்டும் சுவரில் இன்னும் இருக்கின்றன. பக்கத்துத் தெருக்காரர்களும் இப்போது தங்கள் கார்களைக் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள்.