‘பிரஷ்யா’ என்று எழுதியிருந்தால் எங்கே போய்த் தேடுவது?

டொனால்ட் டிரம்ப் 1987இல் வெளியிட்ட ‘தி ஆர்ட் ஆஃப் த டீல்’ புத்தகத்தில், தம் தாத்தா ஸ்வீடனிலிருந்து வந்தவர் என்று சொல்லியிருந்தார். உண்மையில் தாத்தா ஃப்ரீட்ரிஷ் 1869இல் பிறந்தது கால்ஷ்டாட் என்ற ஜெர்மன் கிராமத்தில். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் உள்ள ஊர். 16 வயதில், 1885இல், பிரேமனில் கப்பலேறி நியூயார்க் போய்ச் சேர்ந்தார். உலகப் போர்களுக்குப் பின் அமெரிக்காவில் ஜெர்மானியர் என்று சொல்லிக்கொள்வது தொழிலுக்கு ஆகாததாக இருந்தது. அதனால் குடும்பமே ஸ்வீடனைப் பூர்வீகமாக்கிக்கொண்டது.

தாத்தா பிரபலமானவராக இருந்தால் யாராவது கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்கள். மற்றவர்கள் என்ன செய்வது? 2020 அமெரிக்கக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4.5 கோடிப் பேர் தங்களுக்கு ஜெர்மானிய வேர் உண்டு என்று பதிந்தார்கள். பலரிடம் இருப்பது ஒரு பெயரும் பாட்டி சொன்ன கதையும்தான். அந்தக் கதைகளில் அடிக்கடி வருவது: “எல்லிஸ் தீவில் அதிகாரி நம் பெயரை மாற்றி எழுதிவிட்டான்.” இதை நம்ப வேண்டியதில்லை. எல்லிஸ் தீவு நியூயார்க் துறைமுகத்தின் குடியேற்றச் சோதனை நிலையம்; புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் நிறுவனம் தயாரித்த பட்டியலை வைத்துத்தான் அங்கே ஆட்களைச் சரிபார்த்தார்கள். போதாக்குறைக்கு, ஜெர்மானியர் மிக அதிகமாக, சுமார் 2.5 லட்சம் பேர், வந்து இறங்கிய ஆண்டு 1882. எல்லிஸ் தீவு திறந்ததோ 1892இல். முல்லர் மில்லரானதும், ஷ்மிட் ஸ்மித்தானதும் பெரும்பாலும் அவரவர் விருப்பத்தால், அல்லது முதல் உலகப் போர்க்கால வெறுப்புக்கு அஞ்சி.

தேடலின் உயிர்நாடி ஒன்றே ஒன்று: பிறந்த கிராமத்தின் பெயர். 1871 வரை ஜெர்மனி ஒரே நாடாக இல்லை. பிரஷ்யா, பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன், ஹெஸ்ஸன் என்று தனித்தனி அரசுகள். ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் ஊர்த் தேவாலயப் பாதிரியார் தம் பதிவேட்டில் எழுதிவந்தார். ஒன்றுபட்ட ஜெர்மன் பேரரசு முழுவதற்கும் அரசுப் பதிவு வந்தது 1876இல்தான். ஆக, ஊர் தெரியாமல் ஆளைத் தேட எல்லோரையும் அடக்கிய பட்டியல் எதுவும் கிடையாது. அமெரிக்கக் கணக்கெடுப்புத் தாளிலோ பெரும்பாலும் ‘பிரஷ்யா’ அல்லது ‘பவேரியா’ என்று மட்டும் இருக்கும். கால்ஷ்டாட் அன்று பவேரிய மன்னருக்கு உட்பட்டது. ஆனால் இருப்பது ரைன் நதிக்கு மேற்கே. பவேரியத் தலைநகர் முனிச் பக்கம் ஆயுள் முழுக்கத் தேடினாலும் அகப்படாது.

விடை அநேகமாக அமெரிக்க மண்ணிலேயே கிடக்கிறது. அவசரக்காரர்கள் நேரே ஜெர்மனிக்குத் தாவிவிடுவதுதான் கோளாறு. பென்சில்வேனியா, ஒஹாயோ, விஸ்கான்சின், மிசௌரி மாநிலங்களில் ஜெர்மன் மொழியிலேயே வழிபாடு நடத்திய லூத்தரன், கத்தோலிக்கச் சபைகள் ஏராளம். அந்தப் பாதிரியார்களும் ஜெர்மானியர்கள். கல்யாணப் பதிவிலும் அடக்கப் பதிவிலும் சொந்தக் கிராமத்தை எழுதிவைத்தவர்கள் அவர்களில் பலர். கல்லறைக் கல்லில் சில சமயம் ஊர்ப் பெயர் இருக்கும். ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்களின் மரண அறிவிப்பிலும் அகப்படும். குடியுரிமைத் தாள்களில் 1906க்கு முந்தியவை பெரும்பாலும் ‘பிரஷ்ய மன்னருக்கு இனி விசுவாசம் இல்லை’ என்பதோடு நின்றுவிடும். அந்த ஆண்டு செப்டம்பருக்குப் பிந்திய படிவங்கள் பிறந்த ஊரைக் கேட்டன.

இவை எதுவும் பேசவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரரைத் தேட வேண்டும். ஏனென்றால், முதலில் போன ஒருவர் ஊருக்குக் கடிதம் எழுதுவார். தம்பி, மச்சான், ஊர்க்காரர் என்று பின்னாலேயே கிளம்புவார்கள். ஞானத்தந்தையாகவும் கல்யாணச் சாட்சியாகவும் நின்றவர் பெரும்பாலும் அதே ஊர்க்காரர். தாத்தாவின் தாளில் இல்லாத ஊர், அந்தச் சாட்சியின் கல்லறைக் கல்லில் இருக்கலாம்.

கப்பல் பட்டியல்களில் ஹம்பர்க்குடையது பொக்கிஷம். 1850 முதல் 1934 வரை தப்பிப் பிழைத்திருக்கிறது; கடைசியாக வசித்த ஊரையும் சொல்கிறது. பிரேமன் பட்டியல்களை, வைக்க இடமில்லையென்று அலுவலர்களே அழித்தார்கள்; பிந்தியவற்றில் பெரும்பகுதியை இரண்டாம் உலகப் போர் கொண்டுபோயிற்று. லட்சக்கணக்கானோர் ஏறிய துறைமுகத்துக்கு இந்தக் கதி.

ஊர்ப் பெயர் கிடைத்தாலும் அமெரிக்க எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். அதைச் சரிபார்க்க 1912இல் வந்த ‘மையர்ஸ்’ ஊர் அகராதி உண்டு. பேரரசின் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள், அங்கே தேவாலயம் உண்டா, பதிவகம் எங்கே என்ற விவரத்தோடு. நோய்ஷ்டாட் என்று ஒரே பெயரில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால் இது இல்லாமல் முடியாது.

பிறகு பதிவேடு. ஒரே வீட்டில் யோஹான் கியோர்க், யோஹான் மிஷேல், யோஹான் ஆடம் என்று மூன்று அண்ணன் தம்பி இருப்பார்கள்; கூப்பிடும் பெயர் பெரும்பாலும் இரண்டாவது. யோஹானைத் தேடுகிறவர் திண்டாடுவார். வெஸ்ட்ஃபாலியாப் பக்கம் இன்னொரு கூத்து: பண்ணையை உடைய பெண்ணைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாகப் போனவர், பண்ணையின் பெயரையே தம் குடும்பப் பெயராக்கிக்கொள்வார். எல்லாம் ‘குரெண்ட்’ என்ற பழைய கையெழுத்தில் இருக்கும். இன்றைய ஜெர்மானியர்களுக்கே படிக்கப் பயிற்சி வேண்டும்.

புராட்டஸ்டன்ட் சபைப் பதிவேடுகள் பலவற்றின் படங்கள் ‘ஆர்ஷியோன்’ தளத்தில் கட்டணத்துக்கும், கத்தோலிக்கப் பதிவேடுகள் பல ‘மாட்ரிகுலா’வில் இலவசமாகவும் கிடைக்கின்றன. சைலீசியா, பொமரேனியா ஊர்கள் என்றால் பல பதிவுகள் இப்போது போலந்து ஆவணக் காப்பகங்களில். 1876க்குப் பிந்திய அரசுப் பதிவுகளுக்கு ஒரு கெடு உண்டு: பிறப்பு 110 ஆண்டு, கல்யாணம் 80, மரணம் 30. அதுவரை நேரடி வாரிசுகளுக்குப் பதிவகம் நகல் தரும்; மற்றவர்கள் தக்க காரணம் காட்ட வேண்டும். கெடு முடிந்தவை ஆண்டுதோறும் காப்பகங்களுக்கு வந்து எல்லோருக்கும் திறந்துவிடப்படுகின்றன.