உப்பும் சர்க்கரையும் உயிர் காத்த கதை

மழைக்காலம் வந்துவிட்டால் கொல்கத்தாவின் மருந்துக் கடைகளில் கூட்டம் கூடிவிடும். நாலைந்து பேராக ஓர் அறையில் தங்கி, ஓட்டல் சாப்பாட்டை நம்பியிருக்கும் நம்மவர்களும் அந்தக் கூட்டத்தில் நிற்பார்கள். வயிற்றுப்போக்கு என்றதும் ஆன்டிபயாட்டிக் இரண்டு, பேதியை நிறுத்தும் மாத்திரை இரண்டு என்று வாங்கி விழுங்கிவிட்டு வேலைக்கு ஓடுகிறார்கள். ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போய்விடுமே என்ற கவலை அவர்களுக்கு!

ஆனால் அதே கடையில் சொற்பக் காசுக்குக் கிடைக்கும் ஒரு பொட்டலத்தை அநேகர் கேட்பதில்லை. அதுதான் ஓ.ஆர்.எஸ். பொடி. உலகெங்கும் கோடிக்கணக்கான குழந்தைகளைக் காப்பாற்றிய அந்த மருந்தின் வரலாற்றில், நாம் பிழைக்க வந்த இந்த நகரத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பன்காவ் முகாமில்

1971-ம் ஆண்டு வங்கதேச விடுதலைப் போரின்போது சுமார் ஒரு கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்து சேர்ந்தனர். சியால்தாவிலிருந்து உள்ளூர் ரயிலில் போகக்கூடிய எல்லையோர ஊரான பன்காவில் காலரா பரவியது. ஆஸ்பத்திரியில் கட்டில் போதாமல் நோயாளிகள் தரையிலேயே கிடந்தனர். அவர்களுக்கு நரம்பில் ஊசி மூலம் சலைன் ஏற்ற வேண்டும். சலைன் பாட்டில்களோ தீர்ந்துகொண்டிருந்தன. ஏற்றத் தெரிந்த ஆட்களும் போதவில்லை.

அங்கே அனுப்பப்பட்டிருந்தவர் டாக்டர் திலீப் மஹலநாபிஸ் என்ற குழந்தை மருத்துவர். கல்கத்தாவில் இயங்கிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்தவர். அவர் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்ற கணக்கில் பொட்டலம் கட்டச் செய்தார். தண்ணீரில் கரைத்து, நோயாளிகளுக்கு அவர்களுடைய உறவினர்களையே புகட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த சாவு, இந்த நீரைக் குடித்தவர்களிடையே 3.6 சதவீதமாகக் குறைந்தது.

இது வெறும் அதிர்ஷ்டம் அல்ல. வாய்வழியாகவே காலரா நோயாளிகளைத் தேற்றலாம் என்று கல்கத்தா டாக்டர் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953-லேயே எழுதியிருந்தார். காலராக் கிருமி குடலில் விடும் ஒரு நஞ்சுதான் உடம்பின் நீரை வெளியேற்றுகிறது என்பதை 1959-ல் நிரூபித்தவரும் கல்கத்தா விஞ்ஞானியான சம்புநாத் டேதான். பேதியின்போது வெறும் தண்ணீரையோ உப்புத் தண்ணீரையோ குடல் சரியாக உறிஞ்சுவதில்லை. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால், சர்க்கரை உப்பை இழுத்துச் செல்கிறது. உப்பின் பின்னே தண்ணீரும் போகிறது. சூட்சுமம் அவ்வளவே.

1978-ல் உலக சுகாதார நிறுவனம் இதை உலகமெங்கும் பரப்ப முனைந்தது. டாக்டர் மஹலநாபிஸ் 2022 அக்டோபரில் கொல்கத்தாவில் காலமானார். மறு ஆண்டு அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. பாராட்டு தாமதமாக வந்தது. அவர் தந்த மருந்து தாமதிக்கவில்லை.

எதற்கு எது?

ஓ.ஆர்.எஸ். பேதியை உடனே நிறுத்தாது. உடம்பு வற்றாமல் காக்கும். பேதியில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் நீர் இழப்பே. ஆகவே முதல் மருந்து இதுவே. பெரியவர்கள் ஒவ்வொரு முறை போனதும் ஒரு டம்ளருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். பொட்டலத்தில் எழுதியுள்ள அளவு தண்ணீரில் முழுவதையும் கரைப்பது அவசியம். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது.

பொட்டலம் கிடைக்காவிட்டால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலக்கலாம். உப்பு கூடினால் ஆபத்து. உப்பிட்ட சோற்றுக் கஞ்சியும் நல்லதே. "பேதியாகிறது, தண்ணீர் கொடுக்காதே" என்ற பழைய பேச்சை மட்டும் மறந்துவிட வேண்டும்.

குழந்தைகளுக்கு ஓ.ஆர்.எஸ்.ஸுடன் ஜிங்க் எனப்படும் துத்தநாக மருந்தும் 10 முதல் 14 நாள் வரை கொடுக்கச் சொல்கிறார்கள். அளவை டாக்டர் கூறுவார்.

ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவைக் கொல்லும். வைரஸை ஒன்றும் செய்யாது. சாதாரண பேதிக்கும் சளிக்கும் அது பெரும்பாலும் வேண்டாத செலவு. அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கக் கூடாது என்று பொருள்.

பேதியை நிறுத்தும் லோபரமைட் மாத்திரையைக் குழந்தைகளுக்கோ, இரத்தமும் காய்ச்சலும் சேர்ந்த பேதிக்கோ கொடுக்கலாகாது.

பாராசிட்டமால் காய்ச்சலுக்கும் வலிக்கும். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் என்பது உச்ச வரம்பு; மீறினால் ஈரல் கெடும். பல ஜலதோஷ மாத்திரைகளிலும் இது கலந்திருப்பதால் இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள். டெங்கு பரவும் நாட்களில் காய்ச்சலுக்கு ஆஸ்பிரினோ, இபுபுரூஃபெனோ வேண்டாம். இரத்தக் கசிவை அவை அதிகமாக்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. பழரசம் போன்ற இனிப்புப் பானங்கள் சில, ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைச் சேர்த்துக்கொண்டு விற்பனையாகி வந்தன. உணவுப் பானங்களில் அந்தப் பெயரைப் போடக் கூடாதென்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆகவே, உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரானது என்று அட்டையில் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

எப்போது ஆஸ்பத்திரிக்கு?

மலத்தில் இரத்தம், சிறுநீர் வராமை, குழி விழுந்த கண்கள், மயக்கம், குடித்ததெல்லாம் வாந்தியாதல் - இவற்றில் ஒன்று கண்டாலும் தாமதிக்கக் கூடாது. வங்காளி பேச வராதவர்கள் "பேட் காராப்" என்றால் வயிறு சரியில்லை, "ஜோர்" என்றால் காய்ச்சல், "ரொக்தோ" என்றால் இரத்தம் என்ற மூன்றையாவது தெரிந்துகொள்ளட்டும். தொற்று நோய்களுக்கென்றே பேலியாகட்டாவில் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது.

அறைத் தோழர் எவரேனும் சுருண்டு படுத்திருந்தால், "தூங்கட்டும்" என்று விட்டுவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். ஒரு லிட்டர் கரைத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டு டம்ளராவது குடிக்க வைத்துவிட்டுப் போங்கள். பன்காவ் முகாமில் உறவினர்கள் செய்தது அதுதான். ஊரை விட்டு வந்த இடத்தில் நமக்கு உறவினர் அறைத் தோழர்தானே!