அப்டேட் போட்டதும் சார்ஜ் நிற்கவில்லையா?

2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பிடித்தது செஞ்சிக் கோட்டை. அங்குள்ள ராஜகிரி மலையில் ஏறுகிறவர்கள் கையில் செல்போன் இல்லாமல் இருப்பதில்லை. ஆனால் முந்தின இரவு சிஸ்டம் அப்டேட் போட்டிருந்தால், பாதி மலையிலேயே சார்ஜ் கரைந்துவிடலாம்.

பேட்டரி கெட்டுவிட்டது என்று உடனே கடைக்கு ஓட வேண்டாம். அப்டேட் முடிந்த பிறகும் போன் உள்ளுக்குள் உழைத்துக்கொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான படங்களை மறுபடி வகைபிரிக்கும், செயலிகளைப் புதுப்பிக்கும். பெரும்பாலும் சில நாட்களில் இது அடங்கிவிடும். இரவில் வைஃபையோடு சார்ஜில் போட்டு வைப்பது நல்லது.

அடங்காவிட்டால் செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைப் பாருங்கள். அதிகம் உறிஞ்சும் செயலி எதுவென்று அங்கேயே தெரியும். அதைப் புதுப்பித்து, போனை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யலாம்.

சில நேரம் அப்டேட்டே காரணமாவதும் உண்டு. 2025 ஜனவரியில் கூகுள் அனுப்பிய அப்டேட், பிக்சல் 4ஏ போன்கள் சிலவற்றில் பேட்டரியின் கொள்ளளவையே குறைத்தது.