கண்ணாடிக் கலத்தின் முத்திரை

பழம்பொருள் கடையில் கண்ணாடிக் கலம் வாங்குவோர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்ப்பது வழக்கம். அடியில் ஒரு பெயர் பொறித்திருக்குமாயின் அதன் மதிப்பு உயர்கிறது. மும்பைச் சோர் பஜார் போன்ற தெருக்களில் குறைந்த செலவில் விடுதி அறைக்குப் பாத்திரம் தேடும் நம் மாணவர்களுக்கு அந்தப் பெயர் வெறும் அலங்காரம் அன்று. அதை நம்பித்தான் கலத்தில் கொதிநீரை ஊற்றுகிறோம், சூடேற்றவும் துணிகிறோம். ஆகவே முத்திரை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று அறிந்துகொள்ளுதல் நலம். 'பைரெக்ஸ்' என்னும் புகழ்பெற்ற பெயரையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

முதலில், படிக்கும் முறை. அச்சில் வார்த்த எழுத்து தேய்ந்திருந்தால் நேரே பார்த்துப் பயனில்லை. விளக்கொளியைப் பக்கவாட்டில் சாய்த்துக் காட்டினால் எழுத்தின் நிழல் தெரியும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் இலேசாகத் தேய்த்தாலும் எழுத்து தாளில் படியும்.

பைரெக்ஸ் சமையற் கலங்களை 1915-இல் அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1921-இல் இங்கிலாந்தின் சண்டர்லாந்து நகரிலிருந்த ஜாப்ளிங் நிறுவனம் அவற்றைச் செய்ய உரிமம் பெற்றது. 'ஜே.ஏ.ஜே.' என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள் காணப்பட்டால் அது ஜேம்ஸ் ஏ. ஜாப்ளிங் கம்பெனியின் படைப்பு. பெயரருகே உள்ள எண்ணைக் கலம் பிறந்த ஆண்டின் குறிப்பு என்று சிலர் கருதுவர். அது தவறு. எடுத்துக்காட்டாக, 209 என்பது ஒன்பது அங்குலத் தட்டின் மாதிரி எண், அவ்வளவே.

இனி எழுத்தின் வடிவத்துக்கு வருவோம். பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருந்தால் வெப்பம் தாங்கும் போரோசிலிகேட் கண்ணாடி, சிறிய எழுத்துகளில் இருந்தால் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடி என்று பலர் சொல்வர். இதில் பாதி உண்மை உண்டு. 1998-இல் கார்னிங் தன் வீட்டுக் கலத் தொழிலை விற்றுவிட்டது. அதன்பின் அமெரிக்காவில் சிறிய எழுத்துப் பெயருடன் வந்த கலங்கள் சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியே. ஆனால் 1940-களில் கார்னிங் வெளியிட்ட வண்ணக் கிண்ணங்கள் பெரிய எழுத்து முத்திரை தாங்கியும், பதப்படுத்திய சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியால் ஆனவை. ஆக, முத்திரை செய்தவரைக் காட்டும்; எதனால் செய்தார் என்பதை உறுதியாகக் காட்டாது.

இந்த வேறுபாட்டால் விளைவது என்ன? ஒவ்வொரு செல்சியஸ் பாகைக்கும் போரோசிலிகேட் கண்ணாடி பத்து இலட்சத்தில் சுமார் 3.3 பங்கு நீள்கிறது. மற்றதோ சுமார் 9 பங்கு நீள்கிறது. சூடான கலத்தில் குளிர்நீர் பட்டால் மேற்பரப்பு சுருங்கும். உட்பகுதி உடனே சுருங்காது. இவ்விரண்டுக்கும் நடக்கும் இழுபறியில் கண்ணாடி உடைகிறது. விரிவு குறைந்த கண்ணாடியில் இழுபறியும் குறைவு. பதப்படுத்துதல் ஓரளவு காக்கும். ஆயினும் பழைய கலத்தின் ஆழ்ந்த கீறல்கள் அதன் வலிமையைக் குறைத்துவிடும்.

நிறமற்ற கலத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதன் ஒரு விளிம்பை நீர் கலவாத கிளிசரினில் ஆழ்த்துங்கள். கிளிசரினின் ஒளிவிலகல் எண் 1.473, போரோசிலிகேட் கண்ணாடியின் எண் 1.474. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாதலால் ஒளி வளையாமல் செல்லும். ஆழ்ந்த விளிம்பு கண்ணுக்கு மறைந்துவிடும். சோடாச் சுண்ணாம்புக் கண்ணாடியின் எண் சுமார் 1.52, அதன் விளிம்பு தெளிவாகத் தெரிந்துகொண்டே இருக்கும். பால்வெள்ளைக் கலத்துக்கும் வண்ணக் கலத்துக்கும் இச்சோதனை பயன்படாது. அவற்றைச் சூட்டுக்கு உட்படுத்தாமல் பழமும் தின்பண்டமும் வைத்துக்கொள்வதே அறிவுடைமை.

ஒன்றை மறவாதீர்கள், நண்பர்களே. சோதனையில் தேறிய தட்டும் கிண்ணமும்கூடப் பொதுவாக ரொட்டி சுடும் மூடிய அடுப்புக்கெனச் செய்யப்பட்டவை. விடுதி அறையின் மின்னடுப்பின்மீதோ எரிவாயுச் சுடரின்மீதோ அவற்றை நேரே வைத்தல் ஆகாது.