ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம் உண்டா?



மெக்கானிக்கல் படிக்கிறவனுக்குப் பாட்டைப் பற்றி என்ன வேலை என்று கேட்டுவிடாதீர்கள். ஹாஸ்டலில் ஓர் இரவு நடந்த வாக்குவாதம்தான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். எரிக் விட்டேக்கர் என்ற அமெரிக்க இசையமைப்பாளரின் 'ஸ்லீப்' என்ற சேர்ந்திசைப் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்தோம். "இவ்வளவு நல்ல பாட்டுக்குக் கலைக்களஞ்சியத்துல தனியா ஒரு பக்கம் வேணும்டா" என்றான் அறை நண்பன். "நல்லா இருந்தா போதுமா?" என்று நான் கேட்டுவிட்டேன். அவ்வளவுதான், அன்று தூக்கம் போச்சு!

சேர்ந்திசை என்பது பல குரல்கள் வெவ்வேறு சுரங்களில் ஒரே நேரத்தில் இணைந்து பாடுவது. நம் ஊரில் எம்.பி. சீனிவாசன் இதை வளர்த்தவர். 'ஸ்லீப்' பாட்டில் வாத்தியமே கிடையாது. மனிதக் குரல்கள் மட்டும்தான்.

கலைக்களஞ்சியம் எதற்கு இடம் தரும்?

தமிழில் பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அச்சில் பக்கத்துக்குப் பஞ்சம். ஆகவே பொறுக்கித்தான் சேர்க்க முடியும். 2001-இல் தொடங்கிய விக்கிப்பீடியாவுக்கு அந்தப் பஞ்சம் இல்லை. அப்படியானால் எல்லாப் பாட்டையும் சேர்த்துவிடலாமே?

முடியாது. அங்கே யார் வேண்டுமானாலும் எழுதலாம். எழுதியது உண்மையா என்று பார்க்க வெளியிலிருந்து ஆதாரம் வேண்டும். அப்படிப்பட்ட ஆதாரம் போதுமான அளவு உள்ள பொருளுக்கே தனிப் பக்கம் என்ற விதிக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் 'குறிப்பிடத்தக்கமை' என்று பெயர்.

நம் ஒர்க்‌ஷாப்பில் உள்ள 'கோ – நோகோ' கேஜை நினைத்துக்கொள்ளுங்கள். துளையில் 'கோ' முனை நுழைய வேண்டும், 'நோகோ' முனை நுழையக் கூடாது. ஜாப் பளபளவென்று இருக்கிறது என்பதற்காக யாரும் பாஸ் போடமாட்டார்கள். பாட்டுக்கான கேஜில் மூன்று கேள்விகள்:

1. பாட்டைப் பற்றி வேறு யாராவது எழுதியிருக்கிறார்களா?
2. எழுதியவர் பாட்டோடு சம்பந்தம் இல்லாதவரா? இசையமைப்பாளரின் சொந்தப் பேச்சும், பதிப்பகத்தின் விளம்பரமும் கணக்கில் வராது.
3. விரிவாக எழுதியிருக்கிறாரா? நிகழ்ச்சி நிரலில் பெயர் மட்டும் வந்தால் போதாது.

பெரிய விருது, புகழ்பெற்ற பல குழுக்கள் பாடியிருப்பது எல்லாம் நல்ல அறிகுறிகள். ஆனால் அவையே தீர்ப்பு ஆகாது.

சுலபமான உதாரணம் 'பாபா யெட்டு'. கிறிஸ்டோபர் டின் 2005-இல் 'சிவிலைசேஷன் 4' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டுக்காக இசையமைத்தது. வார்த்தைகள் சுவாஹிலி மொழியில் உள்ள கிறிஸ்தவ ஜெபம். 2011-இல் இதற்கு கிராமி விருது கிடைத்தது. கம்ப்யூட்டர் விளையாட்டுக்காகப் பிறந்த இசைக்குக் கிடைத்த முதல் கிராமி! பத்திரிகைகள் எழுதாமல் இருக்குமா? கேஜ் தடையின்றி நுழைகிறது.

'ஸ்லீப்' கதை

இதற்குக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். விட்டேக்கர் முதலில் மெட்டமைத்தது ராபர்ட் ஃபிராஸ்டின் புகழ்பெற்ற கவிதைக்கு. பனி பொழியும் மாலையில் காட்டோரம் ஒருவன் நிற்பானே, அந்தக் கவிதைதான். நேரு கடைசிக் காலத்தில் மேசையில் எழுதி வைத்திருந்த வரிகளும் அதில் உள்ளவையே. ஆனால் கவிஞரின் உரிமையைக் காத்து வந்தவர்கள் அனுமதி தரவில்லை. இசை தயார், பாட வார்த்தை இல்லை! சார்லஸ் ஆந்தனி சில்வெஸ்ட்ரி என்ற கவிஞர் அதே சந்தத்தில் தூக்கத்தைப் பற்றிப் புதுக் கவிதை எழுதிக் கொடுத்தார். கட்டிய வீட்டுக்குள் அஸ்திவாரத்தை மாற்றியது மாதிரி. மூலக் கவிதையின் அமெரிக்க உரிமை 2019-இல்தான் முடிந்தது.

பிறகு 2011-இல் 58 நாடுகளைச் சேர்ந்த 2,000-க்கும் மேற்பட்டவர்கள் அவரவர் வீட்டிலிருந்தே தனித்தனியாகப் பாடிப் படம் பிடித்து அனுப்ப, அவற்றை ஒன்றாகக் கோத்து ஒரே பாட்டாக வெளியிட்டார்கள்.

"2,000 பேர் பாடினாங்களே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றான் நண்பன். அங்கேதான் தவறு. பாடியவர்கள் எண்ணிக்கைக்காக இடம் கிடைக்காது. அதைப் பார்த்து வெளியாட்கள் எழுதினார்களே, அதற்காகத்தான் கிடைக்கும். உரிமைச் சிக்கலும் இணையச் சேர்ந்திசையும் பலர் எழுதிய விஷயங்கள். ஆகவே என் தீர்ப்பு: 'ஸ்லீப்' பாஸ்! அந்த எழுத்து இல்லாமல் போயிருந்தால், இசையமைப்பாளரின் பக்கத்தில் இரண்டு வரி போதும்.

அம்மா கேட்ட கேள்வி

விடுமுறையில் இதை வீட்டில் சொன்னேன். அம்மா பள்ளிக்கூடம் போனவர் அல்ல. "நாங்க நாத்து நடுறப்ப இருபது பேரு சேர்ந்து பாடுறோமே, அதுக்கு யாருடா பக்கம் போடுவா?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

இப்போது சொல்கிறேன். பக்கம் இல்லாததால் பாட்டு மட்டம் என்று அர்த்தமில்லை. யாரும் இன்னும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். நா. வானமாமலை ஊர் ஊராய்ப் பாடல்களைத் திரட்டி நூலாக்கியதால்தான் பல பாடல்கள் இன்று ஏட்டில் இருக்கின்றன. களஞ்சியம் இரண்டாவது படி. முதல் படி, கேட்டு எழுதிவைப்பது. அந்தப் படியில் ஏற நமக்குத் தடை ஒன்றும் இல்லை. அடுத்த விடுமுறைக்கு ஒரு நோட்டோடு போகப் போகிறேன். நீங்களும் வாருங்களேன்!



– இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை