'நோய் உண்டு' என்று வந்தால்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படிக்கும் நம் பிள்ளைகளுக்குப் பழக்கமான நிகழ்தகவுக் கணக்கு இது. வீட்டில் எல்லோரும் போட்டுப் பார்க்கலாம்.

மருத்துவ முகாமில் 1000 பேருக்குப் பரிசோதனை என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் 10 பேருக்குத்தான் நோய். 9 பேரைச் சோதனை கண்டுபிடிக்கிறது. நோயில்லாத 990 பேரில் நூற்றுக்குப் பத்துப் பேர், அதாவது 99 பேருக்கு, 'உண்டு' என்று தவறாக வருகிறது. மொத்தம் 108 பேர். இவர்களில் உண்மையான நோயாளிகள் 9 பேரே, பன்னிரண்டில் ஒருவர்! 1763-இல் வெளியான பேயஸ் தேற்றம் சொல்வது இதைத்தான்.

எனவே முதல் சோதனையில் 'உண்டு' என்றதும் கலங்காதீர்கள், அலட்சியமும் வேண்டாம். மருத்துவர் சொல்லும் உறுதிப் பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள். 'இல்லை' என்று வந்தவர்களிலும் ஒரு நோயாளி இருக்கிறார். அறிகுறி தொடர்ந்தால் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.